மைனாவுக்குச் செவ்விளநீர்

“கயிறு கட்டி இழுத்தால் தோல்வி. ஆக்கள் இறங்கித் தள்ளினாலும் தோல்வி.”

“சாமான் மாத்தினால்?”

“மாத்து. தாராளமா மாத்து. இதுக்குச் சாமான் இந்த உலகத்தில எங்க இருக்கெண்டு மட்டும் சொல்லு.”

“லொறியில ஏத்திக்கொண்டு வந்தால்?”

“லொறியில ஏத்தினால் அது காரில்லை, சுமை. தன்ர நாலு சில்லில தானே ஓடிவந்து இந்தப் படலைக்குள்ள நுழையவேணும். நுழைஞ்சால் நாளைக்கே உன்ர பேருக்கு மாத்தித் தாறன். நுழையாட்டி நாளைக்கே பழைய இரும்புக்காரன் வருவான். சரியோ?”

“சரி அத்தான். சத்தியம்?”

“சத்தியம்” என்று ஞானசேகரம் தலையில் ஓர் அடி அடித்தார். தன்னுடைய தலையில் இல்லை, காரின் தலையில். காரின் அடியிலிருந்து ஏதோ ஒன்று கழன்று ‘டிங்’ என்று நிலத்தில் விழுந்தது. மதிவதனா குனிந்து அதை எடுத்து, என்னவென்று பார்க்காமலே கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“என்னது அது?”

“ஒண்டுமில்லை அத்தான். தேவையில்லாத சாமான்.”

ஞானசேகரம் மதிவதனாவின் அக்கா புருசன். வீடு வீடாய்ப் போய் மின்சார மீற்றர் வாசிக்கிறவர். நாள் முழுக்கப் பிழை சொல்லாத பெட்டிகளோடு பழகுகிற மனுசனுக்கு இந்தக் கார் ஒரு நிரந்தர அவமானம். ஒரு காலத்தில் அவர்தான் ஆசைப்பட்டு வாங்கினார். பிறகு ஆசை தீர்ந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறி, காரை மச்சாளுக்கு விட்டுக்கொடுத்தார். ஆனால் காரின் புத்தகத்தில் இன்றைக்கும் அவருடைய பெயர்தான். கார் நடுத்தெருவில் நின்ற ஒவ்வொரு முறையும், சிநேகிதனின் வான் வண்டியைக் கெஞ்சிக் கேட்டு, கயிற்றோடு போய் இழுத்து வந்தவரும் அவர்தான். அன்புவழிபுரத்துச் சந்தியில் அவர் கயிறு வாங்கப் போனால், கடைக்காரர் “மச்சாள் இந்த முறை எங்க நிக்கிறா?” என்றுதான் கேட்பார்.

காருக்குப் பெயர் மைனா. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரல்ல. உடம்பு முழுக்கப் பழுப்பு நிறம், இடதுபக்க முன்கதவு மட்டும் பளீரென்ற மஞ்சள், ஹோர்னை அமத்தினால் கீச்சென்று ஒரு சத்தம். இதற்கு வேறென்ன பெயர் வைப்பது? மதிவதனாவை விட ஒரு வயது மூத்த கார். வெளிநாட்டு வாகனங்கள் வராமல் நின்ற வருடங்களில், வீதியில் ஓடிய எல்லாக் கிழங்களுக்கும் திடீரென்று மரியாதை வந்தபோது மைனாவுக்கும் கொஞ்சம் வந்தது. பிறகு கப்பல்கள் வரத் தொடங்கின. மற்றக் கார்களின் மரியாதை இறங்கியது. மதிவதனாவின் கண்ணில் மட்டும் மைனா ஏறின இடத்திலேயே இருந்தது.

காரணம், குசினியிலிருந்து அவள் நடத்திய கேக் வியாபாரம். மூன்று தட்டுக் கேக்கை ஓட்டோவில் கொண்டுபோக ஏலாது. ஒருமுறை கொண்டுபோய், இரண்டு தட்டாக இறக்கியிருக்கிறாள். மைனாவின் பின்சீற்றைக் கழற்றி அந்த இடத்தில் பலகை அடித்து, பலகைக்கு மேல் மெத்தைப் பஞ்சு போட்டபிறகுதான் அவளுடைய கேக்குகள் நகரத்தை விட்டு வெளியே போகத் துணிந்தன. இன்றைக்குப் போவது இதுவரை போகாத தூரம். கடலோரமாய்த் தெற்கே, ஈச்சிலம்பற்றில் சசி என்கிற பெண்ணின் கலியாணம். அலைகடல் நீலத்தில் ஐசிங், மேலே சீனியில் செய்த வெள்ளைப் பூக்கள்.

“வதனாக்கா, நான் வரத்தான் வேணுமோ?” என்றாள் பக்கத்து வீட்டு லோஜினி. புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கோயில் வாசலில் நிற்கிறவளைப் போல ஒரு முகத்தோடு நின்றாள்.

“நீதானே கலியாணச் சாப்பாடு வேணுமெண்டனீ?”

“சாப்பாடு வேணும். பயணம் வேண்டாம்.”

“ஏறடி.”

மஞ்சள் கதவை வெளியிலிருந்து திறக்க ஏலாது. லோஜினி சாரதிப் பக்கத்தால் ஏறி, கியர்க் கம்பியைச் சேலையோடு தாண்டி, தன் சீற்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞானசேகரம் படலையடியில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். மடியில் கயிறு.

“திரும்பி வருமட்டும் இதில இருந்து எழும்ப மாட்டன்” என்றார்.

“அப்ப மத்தியானம் சாப்பாடு?”

“உன்ர அக்கா கொண்டுவந்து தருவா. நீ போ.”

மைனா கீச்சென்று ஒரு குரல் கொடுத்து வெளிக்கிட்டது.

சீனக்குடா வரைக்கும் எல்லாம் தேன் மாதிரிப் போனது. துறைமுகத்துத் தண்ணீர் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் தலைநீட்டிப் பார்த்தது. மதிவதனாவுக்குப் பாட வேண்டும் போலிருந்தது. அவளுக்கு ஒரு நம்பிக்கை: கார்களுக்குக் காது உண்டு. திட்டினால் முறுக்கிக்கொள்ளும், புகழ்ந்தால் ஓடும். “என்ர செல்லமெல்லே, என்ர ராசாத்தியெல்லே” என்று ஸ்ரியரிங்கைத் தடவிக்கொண்டே போனாள். லோஜினி பின்னால் திரும்பி, கேக்கின் மூன்று தட்டுகளையும் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோதுதான் சூட்டு முள் அசையத் தொடங்கியது. நடுவில் நிற்க வேண்டிய முள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறது மாதிரி, அவசரமில்லாமல், ஆனால் உறுதியாக, சிவப்பை நோக்கிப் போனது.

“றுவைஸ் நானாவுக்குப் போன் அடி” என்றாள் மதிவதனா.

சீனக்குடாவில் கராஜ் வைத்திருக்கும் றுவைஸ், போனை எடுத்ததும் “எங்க நிக்கிறீங்க?” என்று கேட்டார். அவர் மதிவதனாவுக்கு ஹலோ சொல்லிப் பல வருடங்கள்.

“நிக்கேல்லை நானா, ஓடுறம். ஆனா முள் ஏறுது.”

“அந்த றேடியேற்றர் ஒழுகுதெண்டு எத்தின தரம் சொல்லியிருக்கன்? சரி, இப்ப ஹீற்றரப் போடுங்க.”

“என்னத்தை?”

“ஹீற்றர். எஞ்சின்ட சூட்ட உள்ளுக்கு இழுத்து எடுத்திடும். முழுசாப் போடுங்க.”

“நானா, வெளியில நெருப்பு வெயில். உள்ளுக்குக் கேக் இருக்கு!”

“எஞ்சின் வேணுமா, ஐசிங் வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“அப்ப கால்ப்பக்கம் மட்டும் திருப்பிப் போடுங்க. நாலு கண்ணாடியும் இறக்குங்க. வழியில தண்ணி ஊத்தி ஊத்திப் போங்க. நல்ல தண்ணி ஊத்துங்க, களப்புத் தண்ணி மட்டும் வேணாம். உப்பு உள்ளுக்குப் போனால் அரிச்சுத் தின்றும்.”

இப்படியாக, நாட்டிலேயே மிக நீண்ட பாலத்தின் மேல், கொளுத்துகிற வெயிலில், ஒரு கார் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு போனது. கால்களுக்குக் கீழே அடுப்பு எரிவது போலிருந்தது. லோஜினி செருப்பைக் கழற்றினாள். பிறகு ஒரு காலைத் தூக்கி முன்பலகையில் வைத்தாள். பிறகு மற்றக் காலையும் வைத்தாள். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள், கலியாணச் சேலையோடு இரண்டு பாதங்களைக் கண்ணாடியில் காட்டிக்கொண்டு வரும் பெண்ணை எழும்பி நின்று பார்த்தார்கள்.

“என்ர மானம் போச்சு” என்றாள் லோஜினி.

“முள் இறங்குது” என்றாள் மதிவதனா.

பாலத்தின் மறுகரையில், கிண்ணியாவில், ஒரு கை நீண்டு காரை மறித்தது. மைனாவை அந்த மாதிரி மறிக்கக்கூடியவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். சனூஸா ராத்தா. பாலத்தால் இறங்கினதும் தெருவோரமாய் அவருடைய வீடும் தையல்கடையும். கலியாண உடுப்புத் தைக்கிற மனுசி. அவருடைய வாசலில், ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்த ஒரு வெள்ளை உறையைப் போர்த்திக்கொண்டு, மைனாவின் உடன்பிறப்பு நின்றது. அதே கம்பனி, அதே வருடம், அதே மாதிரி. உடம்பு முழுக்க மஞ்சள். ஆனால் இடதுபக்க முன்கதவு மட்டும், ஒரு நாம்பன் மாடு இடித்து, உள்நோக்கி மடங்கியிருந்தது.

இந்த இனத்தில் மூன்றாவதாய் ஒன்று புல்மோட்டையில் இருந்தது. அதுவும் மஞ்சள். கடற்காற்றில் அதன் அடித்தகரம் அரித்துப்போய், ஓட்டினவரின் கால் தெருவில் பட்டபோது அவர் காரைக் கைவிட்டார். செய்தி கேட்டு மதிவதனாவும் சனூஸாவும் ஒரே நாளில் போய் இறங்கினார்கள். அந்தக் காரைக் காணி பிரிப்பது மாதிரிப் பிரித்தார்கள். கியர்ப்பெட்டி ஒருவருக்கு, முன்விளக்குகள் மற்றவருக்கு. கடைசியில் இரண்டு நல்ல சாமான்கள் மிஞ்சின: மஞ்சள் கதவு, பழுதில்லாத றேடியேற்றர். மைனாவுக்கு வேண்டியது றேடியேற்றர். சனூஸாவின் காருக்கு வேண்டியது கதவு. ஆனால் ‘இவ எதைக் கேக்கிறாளோ அதில ஏதோ விசயம் இருக்கு’ என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு, மதிவதனா கதவைப் பிடித்துக்கொள்ள, சனூஸா றேடியேற்றரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துதான் இரண்டு பேருக்கும் புத்தி வந்தது. அதற்குள் ரோசமும் வந்துவிட்டது. மைனாவில் மஞ்சள் கதவு ஏறியது. றேடியேற்றர், பழைய பட்டுத் துணியில் சுற்றப்பட்டு, சனூஸாவின் தையலறை அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. “அது என்ட கார்ட ரெண்டாவது உசிர்” என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து இருவரும் தெருவில் கண்டால் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் சனூஸா மதிவதனாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை, கதவைப் பார்த்துச் சிரிப்பார்.

இன்றைக்கும் அப்படித்தான். “என்ன புள்ள, இந்த வெயிலுக்குள்ள எங்க?” என்று கேட்டபடி மஞ்சள் கதவைத் தடவினார்.

“ஈச்சிலம்பற்றுக்கு ராத்தா.”

“இதிலயா?” சனூஸா உள்ளே தலையை நீட்டினார். சூடு முகத்தில் அடிக்கப் பின்வாங்கினார். “அல்லாஹ், இதென்ன அடுப்பா? இந்தா புள்ள, போய்ச் சேராது. பேசாம இந்தக் கதவ எனக்குக் கழட்டித் தந்திட்டுப் பஸ்ஸில போ.”

“மைனா செத்தாத் தாறன் ராத்தா.”

“அப்ப நான் காத்திருக்கன்.”

“நானும்தான். உங்கடது போனால் எனக்குச் சொல்லுங்கோ, நல்லாப் பாத்துக்கொள்ளுவன்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோஜினி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கால் வெந்துகொண்டிருந்தது.

கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல்கள் உப்பாறு வருவதற்குள்ளேயே தீர்ந்துபோயின. ஒன்றை மைனா குடித்தது. ஒன்றை லோஜினி, குடிக்கவில்லை, தன் பாதங்களில் ஊற்றினாள். உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் முன்மூடிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. மதிவதனா ஓரமாக்கி நிறுத்தினாள்.

சுற்றிலும் தண்ணீர். கண்ணுக்கெட்டிய மட்டும் களப்பு மினுங்கியது. கண்டல் மரங்களுக்கிடையில் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் ஒரு கார் தாகத்தில் சாவதா? மதிவதனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. படலையடியில் கயிற்றோடு இருக்கும் அத்தான் ஞாபகத்துக்கு வந்தார். அழுகை நின்றுவிட்டது.

வீதியோரத்தில் ஒரு பந்தல். செவ்விளநீர்க் குலைகள் தொங்கின. அன்ஸார் என்கிற ஒருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, கொஞ்சம் நல்ல தண்ணி கிடைக்குமோ? காருக்கு.”

“தண்ணி பவுசர் லொறி இண்டைக்கு இன்னும் வரல்ல தங்கச்சி. கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது, உப்பு. என்ட கேத்திலுக்குள்ள பாருங்க, வெள்ளையாப் படிஞ்சிருக்கு.”

மதிவதனா கேத்திலைப் பார்த்தாள். பிறகு குலைகளைப் பார்த்தாள். மஞ்சளும் சிவப்பும் கலந்த, வயிறு நிறைந்த, குளிர்ந்த காய்கள். அவளுடைய முகத்தில் வெளிச்சம் பரவுவதை லோஜினி கண்டாள்.

“வதனாக்கா, வேண்டாம்.”

“உப்பில்லை. அழுக்கில்லை. ஆர் கையும் படாத தண்ணி. எங்களுக்கு வயித்துச் சூடு வந்தால் டொக்டரே இதைத்தானே குடிக்கச் சொல்லுறார்? அவளுக்கும் சூடுதானே?”

“அது கார்!”

“அண்ணை, வெட்டுங்கோ.”

அன்ஸார் காரையும் மதிவதனாவையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரத்தில் பலவிதமான ஆட்களைக் கண்டவர் அவர். ஒரு காயைக் கையிலெடுத்துத் தட்டிப்பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “காருக்கு இளசா, முத்தலா?”

“இளசு. முதல்தரம்தானே.”

“வழுக்கையோடயா?”

“வடிச்சு ஊத்துவம். லோஜினி, உன்ர முந்தானையை...”

“கிட்ட வந்தால் கடிப்பன்!”

ஆக, வடிக்காமலேதான் ஊற்றினார்கள். புகை அடங்கினபிறகு அன்ஸார் தன் தோளிலிருந்த துவாயால் றேடியேற்றர் மூடியைத் திறந்தார். காய்க்கு மேல் காயாக வெட்டி வெட்டிக் கவிழ்த்தார். மைனா ‘களக் களக்’ என்று குடித்தது. கூடவே மெல்லிய வழுக்கைத் துண்டுகளும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. “பரவால்ல, பட்டுப் போல இரிக்கி, கரைஞ்சிடும்” என்றார் அன்ஸார். கடைசிக் காயில் கொஞ்சம் மிச்சம் வைத்து மதிவதனாவிடம் நீட்டினார். காரும் அவளும் ஒரே காயில் குடித்தார்கள்.

திறப்பைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினாள். மைனா ஒரு முறை இருமி, ஒரு முறை ஏப்பம் விட்டு, ஓடத் தொடங்கியது. என்ன ஓட்டம்! கங்கைப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை முந்தியது. மூதூரைத் தாண்டும்போது முள் நடுவில் நின்று, அங்கேயே நித்திரையாகிவிட்டது. ஹீற்றரிலிருந்து வந்த காற்றில் சக்கரை காய்ச்சுகிற மணம். மதிவதனா பாடினாள். லோஜினி முதலில் மூக்கைப் பொத்தினாள். பிறகு பொத்தின கையை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அவளும் பாடினாள்.

“அவளுக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் மதிவதனா. “இத்தின வருசமும் சும்மா தண்ணியைக் குடுத்துப் பச்சையா ஏமாத்தியிருக்கிறம்.”

கலியாண வீட்டு வாசலில் மைனா போய் நின்றதும் சனம் வந்து சூழ்ந்துகொண்டது. கேக்கைப் பார்க்க இல்லை. “ஆரு பாயாசம் கொண்டுவந்தது?” என்று சமையல்காரர் அகப்பையோடு வந்து முன்மூடியை மோந்து பார்த்தார். சசியின் தாய் ராசமலர் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே குனிந்து, கேக்கைக் கண்டு, நெஞ்சில் கைவைத்தார்.

“பிள்ளை, இதென்ன ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்குது?”

உண்மைதான். நீல ஐசிங் கீழ்நோக்கி இளகி, மேல்தட்டு வலப்பக்கமாய் வளைந்து, வெள்ளைப் பூக்கள் விளிம்புவரை வழுக்கி வந்து நின்றன. மதிவதனா கையை நீட்டிப் பூக்களை மறைக்கப் பார்த்தாள். ஆனால் கால் வெந்த லோஜினிக்கு இனி யாரிடமும் பயமில்லை.

“அது அலை” என்றாள். “எழும்பி மடங்குதெல்லே? மேல வெள்ளையா இருக்கிறது நுரை. இதைச் சரிச்சு நிப்பாட்டத்தான் வதனாக்கா விடிய விடியக் கஷ்டப்பட்டவ.”

மணப்பெண் சசி எட்டிப்பார்த்தாள். கடற்கரையில் வளர்ந்த பிள்ளை. “அம்மா! உண்மையா அலை!” என்று கத்தி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பிறகு எல்லாருக்கும் அது அலையாகத்தான் தெரிந்தது. படம் எடுக்கிறவர் அதை மூன்று பக்கத்தாலும் எடுத்தார்.

வயிறு நிறையச் சாப்பிட்டு வெளிக்கிடும்போது, வளவின் கிணற்றடியில் நல்ல தண்ணீர் வாளி நிறைய இருந்தது. மதிவதனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாசலில் வாழைமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த செவ்விளநீர்க் குலையைப் பார்த்தாள். பிழை விட்டது அந்த இடத்தில்தான். சும்மா தண்ணீர் குடித்த காரா அந்த ஓட்டம் ஓடியது?

“ராசமலரக்கா, அந்தக் குலையை எடுக்கட்டோ? கலியாணம் முடிஞ்சுதுதானே.”

“எடு பிள்ளை, எடு. தாகமோ?”

“ஓம். அவளுக்கு.”

ராசமலர் லோஜினியைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் உப்பாறு வரைக்கும் சொர்க்கம். அன்ஸாரின் பந்தலடியில் கீச்சென்று நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் கத்தியை உயர்த்திக் காட்டினார். ஞானசேகரம் போன் எடுத்தபோது லோஜினி “பறக்கிறம் அத்தான்!” என்றாள். மறுமுனையில் கதிரை கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

கிண்ணியாவுக்குள் நுழையும்போது சக்கரை மணம் மெல்ல மாறியது. முதலில், தேங்காய்ப்பாலும் சக்கரையும் போட்டுத் தொதல் கிண்டுகிற மணம். பிறகு தொதல் அடிப்பிடிக்கிற மணம். பிறகு, தொதலை மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கதைக்கப் போனால் வருகிற மணம். நித்திரையிலிருந்த முள் திடுக்கிட்டு எழும்பி, ஒரே பாய்ச்சலில் சிவப்புக்குள் போய் விழுந்தது. முன்னால், நூறு மீற்றர் தள்ளி, பாலம். பாலத்துக்கு அப்பால் நகரம், படலை, கதிரை, கயிறு. மைனா ஒரு பெருமூச்சு விட்டது. முன்மூடியின் எல்லா விளிம்பாலும் இனிப்பான வெள்ளைப் புகை எழும்ப, தானாகவே ஓரமாக உருண்டுபோய் ஒரு வாசலில் நின்றது.

லேஸ் வைத்த வெள்ளை உறை போர்த்தின காருக்குப் பக்கத்தில்.

“நானா” என்றாள் மதிவதனா போனில்.

“எங்க நிக்கிறீங்க?”

இந்த முறை அவள் உண்மையாகவே நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறுபடவில்லை. றுவைஸ் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“வழுக்கையோடயா?” என்று கடைசியில் கேட்டார்.

“கொஞ்சம்.”

“தங்கச்சி, இனி அது றேடியேற்றர் இல்ல, தொதல் சட்டி. குழாய் எல்லாம் பிடிச்சுப்போய் இரிக்கும். கழுவினாலும் வராது. எஞ்சினுக்கு ஒண்டும் நடந்திருக்காது, நீங்க நேரத்தோட நிப்பாட்டிட்டீங்க. வேற றேடியேற்றர் ஒண்டு கிடைச்சா, நான் இப்பவே பாலத்தத் தாண்டி வந்து, மத்த எல்லாத்தையும் கழுவி, அதை மாட்டி விடுவன். பொழுதுபட முதல் வீட்ட போகலாம். ஆனா கடைகளில தேடாதீங்க. கொழும்பிலயும் இல்ல, நான் கேட்டுக் களைச்சவன். மாவட்டத்தில ஒண்டே ஒண்டுதான் இரிக்கி. அது எங்க எண்டு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். பத்தடி தூரத்தில்.

தெருவில் போனவர்கள் மணம் பிடித்து நின்றார்கள். ஒருவர் “விக்கவா?” என்று கேட்டார். லோஜினி மஞ்சள் கதவின் கண்ணாடியால் தலையை நீட்டி, “இன்னும் வேகேல்லை” என்றாள். அவளுடைய கையில் போன் அடித்தது.

“எங்க நிக்கிறீங்கள்?” ஞானசேகரத்தின் குரல்.

“கிண்ணியா, அத்தான்.”

“நிக்கிறீங்களோ, ஓடுறீங்களோ?”

லோஜினி மதிவதனாவைப் பார்த்தாள். “ரெண்டுக்கும் நடுவில” என்றாள்.

“வானுக்குச் சொல்லட்டோ?”

“வேண்டாம்!” இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் கதவு திறந்தது. சனூஸா ராத்தா தோளில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். புகையைப் பார்த்தார். மூக்கை உயர்த்தி மணத்தை இழுத்தார். உள்ளே போய், திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய ஸ்க்ரூட்ரைவர் இருந்தது. நேரே மஞ்சள் கதவுக்கு வந்தார்.

“செத்திட்டா?” என்று கேட்டார். குரலில் துக்கம் இருந்தது. ஆனால் கை அதற்குள் கதவுப் பிணைச்சலின் ஆணிகளைத் தடவிக்கொண்டிருந்தது.

மதிவதனா சுற்றிவந்து, கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நீல ஐசிங் அவளுடைய முழங்கையில் காய்ந்திருந்தது. முதுகில் தகரம் சுட்டது. சனூஸாவின் தோளுக்கு மேலால் தையலறை தெரிந்தது. பாதி தைத்த ஒரு கலியாண உடுப்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் அலுமாரி. அலுமாரித் திறப்பு, சனூஸாவின் கழுத்தில், ஒரு கறுப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காரின் இரண்டாவது உயிர். அதைக் கேட்பது என்ன மாதிரிக் கேள்வி என்று மதிவதனாவுக்குத் தெரியும். யாராவது வந்து மைனாவின் உயிரைக் கேட்டால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும்.

பின்னால் மைனா கடைசிக் கொதியில் ‘களக்’ என்று ஒரு சத்தம் போட்டது. அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், ஏலாமல் போனது. எதிரே சனூஸாவின் உதடும் சிரிப்பில் துடிக்கத் தொடங்கியிருந்தது.

“ராத்தா” என்றாள், சிரிப்புக்கு நடுவில், மூச்சுவாங்க. “இந்தக் கதவை நீங்களே கழட்டுங்கோ. நான் கதவில்லாமல் பாலத்தால போறன், எனக்கு வெக்கமில்லை. உங்கட அலுமாரியைத் திறந்து அந்த றேடியேற்றரை மட்டும் எனக்குத் தாங்கோ.”